காலர்ட் கீரை: அமெரிக்கத் தென் மாநிலங்களுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சமையல் வழிகாட்டி

ஜார்ஜியா, கரோலினா, அலபாமா, மிசிசிப்பி என்று வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேர்ந்தவர்கள் காய்கறிக் கடையில் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. உள்ளங்கையைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலத்தில் நீலம் ஓடிய கரும்பச்சை இலை, நடுவே கெட்டியான வெளிர்த் தண்டு, பத்துப் பன்னிரண்டு இலை சேர்த்துக் கட்டிய கட்டு. நம் ஆட்கள் பலர் ஆசையாக வாங்கிப் போய், முருங்கைக்கீரைக்கு ஆகிற நேரத்தில் வதக்கி இறக்கி, தாடை வலிக்க மென்றுவிட்டு, “இதெல்லாம் நமக்குச் சரிப்படாது” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பெயரில்தான் கீரை, முட்டைக்கோஸ், காலிபிளவர், நூல்கோல் எல்லாம் எந்தத் தாவர இனமோ, அதே இனம்தான் இதுவும். வேக நேரம் கொடுக்க வேண்டும். வேகிற தண்ணீருக்கு முதலிலேயே ருசி ஏற்றி வைத்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்குள் அடக்கம்.

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களை நினைத்து எழுதியவை. “மிருதுவாகும் வரை வேகவைக்கவும்” என்று ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். எவ்வளவு நேரம், எந்த இறைச்சி, எத்தனை தண்ணீரில் கழுவுவது என்பதெல்லாம் பாட்டி வீட்டில் பார்த்தே அவர்களுக்குத் தெரியும். அந்தக் கொடுப்பினை இல்லாமல், அங்கே இங்கே விசாரித்து, பக்கத்து வீட்டு அம்மாவின் அடுப்படியில் நின்று பார்த்து நான் சேர்த்த விவரங்கள் இவை.

1. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

இது வேலைநாள் சாயங்காலச் சமையல் இல்லை. புகையூட்டிய இறைச்சியை வேகவைத்துச் சாறு இறக்க 1 முதல் 1½ மணி நேரம். அதே நேரத்தில் கீரையைக் கழுவி நறுக்கிவிடலாம், அது தனிக் கணக்கு இல்லை. கீரை வேக 45 நிமிடத்திலிருந்து 1½ மணி வரை. ஆக 3 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் 1 மணிக்குச் சாப்பாடு என்றால் காலை 10 மணிக்கு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

முடிந்தால் முதல் நாள் ராத்திரியே செய்துவிடுங்கள். மறுநாள் சூடு பண்ணும்போது ருசி கூடியிருக்கும். விருந்தாளி வருகிற நாளில் அடுப்பும் காலியாக இருக்கும்.

செலவைப் பொறுத்தவரை, எங்கள் பக்கத்துக் கடைகளில் ஒரு கட்டு 2 முதல் 3 டாலர், புகையூட்டிய இறைச்சி ஒரு பாக்கெட் 5 முதல் 8 டாலர். ஆறு பேர் தாராளமாகச் சாப்பிடும் ஒரு பானைக்கு ஏறத்தாழ 15 டாலர் ஆகும். சைவமாகச் செய்தால் அதிலும் பாதிதான்.

2. எப்போது, எவ்வளவு வாங்குவது

கடைகளில் வருஷம் முழுக்கக் கிடைக்கும். ஆனால் பனி விழுந்த பிறகு பறித்த இலைக்குத்தான் மவுசு. குளிர் பட்டதும் செடி இலையில் சர்க்கரை சேர்த்துக்கொள்கிறது, கசப்பு அடங்குகிறது. நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வாங்கிச் சமைத்துப் பாருங்கள். முதல் அனுபவத்தை ஜூலை மாதத்து இலையோடு வைத்துக்கொள்ள வேண்டாம்.

குரோகர், பப்ளிக்ஸ், வால்மார்ட், ஃபுட் லயன் எதிலும் இருக்கும். அட்லாண்டா பக்கம் இருப்பவர்கள் டீகேட்டர் அருகிலுள்ள டிகால்ப் ஃபார்மர்ஸ் மார்க்கெட்டையோ ஃபாரஸ்ட் பார்க்கில் உள்ள மாநில விவசாயிகள் சந்தையையோ பார்க்கலாம். கிழக்கு வட கரோலினாவில் குடியிருந்தால் உங்களுக்கு யோகம்தான். அங்கே ‘கேபேஜ் காலர்ட்’ என்று மஞ்சள் ஓடிய, மெல்லிய இலை ஒன்று சீசனில் வரும். சீக்கிரம் வேகும், இனிப்பும் அதிகம். கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள்.

அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது பண்டிகைக் கணக்கு. நன்றி நவிலும் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு மூன்றுக்கும் முந்தின இரண்டு நாளில் கீரைத் தட்டு துடைத்து வைத்ததுபோல் கிடக்கும். புத்தாண்டன்று காலர்டும் வெள்ளைக் காராமணியும் கார்ன்பிரெட் என்னும் மக்காச்சோள மாவு ரொட்டியும் சாப்பிட்டால் அந்த வருஷம் பணம் தங்கும் என்பது இங்கே ஐதீகம்: கீரை நோட்டு, காராமணி சில்லறை, கார்ன்பிரெட் தங்கம். நம்பாதவர்களும் வாங்கிவிடுவார்கள். புகையூட்டிய இறைச்சியும் அந்த வாரத்தில் தீர்ந்துபோகும். கீரையை நாலு நாள் முன்னாலும் இறைச்சியை ஒரு வாரம் முன்னாலும் வாங்கி வைத்துவிடுங்கள். கழுவாமல், ஈரமில்லாமல், பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் கீரை நாலைந்து நாள் தாங்கும்.

அளவு: தண்டோடு சேர்த்து ஒரு கட்டு ஏறக்குறைய 1 பவுண்டு இருக்கும். தண்டை எடுத்து வேகவைத்தால் மலை மடுவாகிவிடும். ஒரு கட்டு இரண்டு பேருக்குத்தான் காணும். ஆறு பேருக்கு மூன்று கட்டு. கடையில் பார்க்க மிக அதிகமாகத்தான் தெரியும், தயங்காதீர்கள்.

நறுக்கிப் பையில் அடைத்து விற்பதும் உண்டு. அவசரத்துக்கு உதவும். ஆனால் இலையோடு தண்டையும் சேர்த்து வெட்டிப் போட்டிருப்பார்கள், உட்கார்ந்து பொறுக்க வேண்டும். “மூன்று முறை கழுவியது” என்று பையில் அச்சடித்திருந்தாலும் வீட்டில் ஒரு தடவை அலசுங்கள்.

3. இறைச்சி: லேபிளைப் படிக்காமல் கூடையில் போடாதீர்கள்

வீட்டுக்கு வீடு இது மாறும். வழக்கமாக நாலு வகை:

ஹாம் ஹாக் எனப்படும் பன்றிக் கால் மூட்டு. புகையூட்டியதுதான் வேண்டும். அதே தட்டில், அதே அளவில், புகையூட்டாத பச்சை மூட்டும் அடுக்கியிருப்பார்கள். லேபிளில் ‘ஸ்மோக்டு’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஃப்ரெஷ்’ என்றிருந்தால் அது வேறு சமையலுக்கு.

புகையூட்டிய வான்கோழி: கழுத்து, இறக்கை, கால். பன்றி சாப்பிடாதவர்களும் கொழுப்பைக் குறைக்க நினைப்பவர்களும் இதைத்தான் போடுகிறார்கள். இப்போது இங்குள்ள பல வீடுகளில் இதுவே வழக்கமாகிவிட்டது. புதிதாகச் செய்பவர்களுக்கு என் சிபாரிசும் இதுதான். இறக்கையைவிடக் கழுத்தில் சாறு நன்றாக இறங்கும், விலையும் குறைவு.

பன்றிக் கழுத்தெலும்பு: எலும்புச் சில்லு நிறைய. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வடிகட்டித்தான் போட வேண்டும்.

உப்புக் கண்டமாகப் போட்ட பன்றிக் கொழுப்பு, அதாவது ஃபேட்பேக் அல்லது சால்ட் போர்க். இதில் புகை வாசம் இருக்காது, உப்பு மட்டும் எக்கச்சக்கம். நன்றாகக் கழுவிவிட்டுத்தான் பானையில் போட வேண்டும்.

ஹலால் பார்ப்பவர்கள் வான்கோழிப் பாக்கெட்டிலும் முத்திரை இருக்கிறதா என்று தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். வான்கோழி என்பதாலேயே ஹலால் ஆகிவிடாது.

சைவக்காரர்கள் இதைப் படிக்காமல் தாண்ட வேண்டாம், உங்களுக்கும் வழி இருக்கிறது. இறைச்சி மூன்று காரியம் செய்கிறது: புகை வாசம், உப்பு, கொழுப்பு. மூன்றையும் தனித்தனியாகக் கொண்டுவரலாம். 3 மேசைக்கரண்டி எண்ணெயில் வெங்காயத்தையும் பத்துப் பல் பூண்டையும் பொன்னிறமாக வதக்கி, 2 தேக்கரண்டி புகையூட்டிய பாப்ரிகா தூள், ஒரு கைப்பிடி உலர்ந்த காளான், 1 மேசைக்கரண்டி சோயா சாஸ் சேர்த்துத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். ‘லிக்விட் ஸ்மோக்’ புட்டி கிடைக்கும். கால் தேக்கரண்டிக்கு மேல் போனால் பானை முழுக்க மருந்து வாடை. எண்ணெயைக் குறைக்காதீர்கள். கொழுப்பு இல்லாத காலர்ட் சப்பென்றுதான் இருக்கும்.

4. கழுவுவது: பாதி வேலை இங்கேதான்

செடி மணலில் வளர்கிறது, இலையிலோ சுருக்கமும் மடிப்பும். மண் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். குழாயடியில் காட்டிவிட்டு நறுக்கினால் முதல் வாயிலேயே நறநறவென்று தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பானையைக் காப்பாற்ற வழியில்லை.

பாத்திரம் கழுவும் தொட்டியைச் சோப்பு வாடை இல்லாமல் தேய்த்து, அடைப்பைப் போட்டுக் குளிர்ந்த தண்ணீர் நிரப்புங்கள். ஒரு கைப்பிடி உப்புப் போட்டு இலைகளை 10 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். இலையின் அடிப்பக்கத்தில், நரம்பு பிரிகிற இடத்தில், சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக அசுவினி ஒட்டியிருக்கும். சில நேரம் இலை நிறத்திலேயே ஒரு புழுவும் இருக்கும். உப்புத் தண்ணீரில் பிடி விடும். பிறகு இலைகளைக் கையால் அலசி மேலே தூக்கி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். இலை உள்ளே இருக்கும்போதே அடைப்பைப் பிடுங்கினால், கீழே இறங்கிய மணல் எல்லாம் திரும்ப இலையிலேயே படியும். எல்லாரும் கோட்டைவிடுகிற இடம் இது. தண்ணீரை வடித்ததும் தொட்டியின் அடியில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறப்பு இருந்தால் இன்னொரு தண்ணீர். விரலுக்கு ஒன்றும் தட்டாத வரை மாற்றுங்கள். மூன்று தண்ணீர் சாதாரணம், மழைக்குப் பிறகு பறித்தது என்றால் நாலு கூட ஆகும்.

அடுத்து தண்டு. அடித்தண்டை ஒரு கையால் பிடித்து, மறு கையின் இரண்டு விரலால் இலையை நுனி நோக்கி உருவினால் ஒரே இழுப்பில் பிரிந்து வரும். நுனியில் இருக்கும் இளந்தண்டு அப்படியே இருக்கட்டும். அப்புறம் ஐந்தாறு இலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாய் சுருட்டுவதுபோல் இறுகச் சுருட்டி, ஒரு அங்குல அகலத்துக்கு நறுக்குங்கள். பொரியலுக்கு மாதிரி பொடிப்பொடியாக அரிந்தால் 1 மணி நேரக் கொதியில் கரைந்து கூழாகிவிடும்.

எடுத்த தண்டைப் பொடியாக நறுக்கி, இலைக்கு 15 நிமிடம் முன்னால் பானையில் போடலாம். எனக்கு அது பிடிக்கும், என் வீட்டில் மற்ற யாருக்கும் பிடிக்காது.

5. அடுப்பில் ஏற்றுவது

மூன்று கட்டுக்கு: புகையூட்டிய இறைச்சி 1½ பவுண்டு, தண்ணீர் 8 கப், பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு நாலைந்து பல், வரமிளகாய்ச் சில்லு 1 தேக்கரண்டி. பெரிய பானையாக இருக்கட்டும்.

முதலில் இறைச்சி, வெங்காயம், பூண்டு, மிளகாய், தண்ணீர் மட்டும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடியைச் சற்றே விலக்கி வைத்து 1 முதல் 1½ மணி நேரம் விடுங்கள். கறி எலும்பை விட்டுக் கழன்றுவர வேண்டும். அப்போது ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பாருங்கள். அந்தச் சாறே ஒரு சூப் மாதிரி ருசித்தால் கீரையைப் போடலாம். வெறும் தண்ணீர் ருசி இருந்தால் இன்னும் கொதிக்கட்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பின்னால் எதைச் சேர்த்தாலும் சரியாகாது.

இப்போது கீரை. பானை கொள்ளாது போலத் தோன்றும். ஒரு பிடி போட்டுக் கிளறி, அது துவண்டு அமிழ்ந்ததும் அடுத்த பிடி. ஐந்து நிமிடத்தில் மூன்று கட்டும் உள்ளே போய்விடும். சாறு கீரையை முழுக்க மூட வேண்டியதில்லை, முக்கால்வாசி போதும். சிறு தீயில் 45 நிமிடம் கழித்து ஒரு இலையை எடுத்து மென்று பாருங்கள். சிலருக்கு அந்தப் பதமே போதும். இங்கத்திய பெரியவர்களுக்கு நாக்கில் வைத்ததும் மசிய வேண்டும், அதற்கு 1½ மணி ஆகும். நான் 1 மணி நேரத்தில் நிறுத்துகிறேன்.

உப்பைக் கடைசியில் மட்டும் போடுங்கள். இறைச்சியிலிருந்து எவ்வளவு உப்பு இறங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாறு வற்ற வற்ற அது இன்னும் கரிக்கும். நான் சமைக்கும் பாதி நாட்களில் தனி உப்பே தேவைப்படுவதில்லை.

வினிகரும் கடைசியில்தான். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் இலை வேக நேரமெடுக்கும். சாம்பாரில் காய் வேகும் முன் புளி ஊற்றாதவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இறக்கப் போகும்போது ஆப்பிள் சிடர் வினிகர் 1 மேசைக்கரண்டி விட்டு, ருசி பார்த்து, வேண்டுமானால் இன்னொன்று. சர்க்கரை போடலாமா என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வெயில்கால இலையாக இருந்து கசந்தால் ஒரு தேக்கரண்டி போடுங்கள், பனிக்கால இலைக்கு வேண்டாம். சமையல் சோடா போட்டால் சீக்கிரம் மசியும், பச்சையாகவும் இருக்கும் என்பார்கள். வழவழப்பாகி வைட்டமினும் போய்விடும்.

வாடை: முட்டைக்கோஸ் இனத்துக்கே உரிய கந்தக வாசம் கொதிக்கும்போது எழும். அடுக்குமாடி வீடு என்றால் ஜன்னலைத் திறந்து காற்றாடியைப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள், அலுவலகச் சட்டைகள் காயும் அறைக் கதவைச் சாத்திவிடுங்கள்.

குக்கர் வைத்திருப்பவர்களுக்கு: இறைச்சியையும் தண்ணீரையும் குக்கரில் வைத்து, முதல் விசில் வந்தபின் சிறு தீயில் 30 நிமிடம். திறந்து, கீரையைத் துவள வைத்து, பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிற்காமல் பார்த்து மூடி, 2 விசில். ஆவி தானாக அடங்கட்டும். துவளவிடாமல் இலையைத் திணித்து மூடினால் ஆவித் துளையில் இலை போய் அடைக்கும், அது ஆபத்து. குக்கரில் 1¼ மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ருசி ஒரு படி குறைவுதான், ஆனால் குறை சொல்லும்படி இருக்காது.

6. சாப்பிடும் முறை

சாற்றைக் கீழே கொட்டிவிடாதீர்கள். பாட் லிக்கர் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. மதுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிண்ணத்தில் ஊற்றிக் கார்ன்பிரெட்டோடு சாப்பிடுவார்கள். ரொட்டியை உதிர்த்துப் போடுவதா, தோய்த்துச் சாப்பிடுவதா என்று 1931இல் லூசியானா ஆளுநர் ஹியூயி லாங்கும் அட்லாண்டா கான்ஸ்டிடியூஷன் பத்திரிகையும் வாரக்கணக்கில் சண்டை போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். லாங் தோய்க்கும் கட்சி.

எனக்குச் சோறுதான். சூடான வெள்ளைச் சோற்றில் கீரையும் சாறும் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டால் போதும், வேறு தொட்டுக்கொள்ளத் தேவைப்படாது. தென் கரோலினாக் கடலோரத்து வீடுகளிலும் சோறுதான் பிரதானம் என்பதால், அங்கே இதை யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள்.

மேசையில் ஒரு மிளகாய் வினிகர் புட்டி அவசியம். கடையிலும் கிடைக்கும், வீட்டிலும் சுலபம்: இந்தியக் கடைப் பச்சை மிளகாயில் சின்னதாகப் பத்துப் பதினைந்து எடுத்து, நுனியில் கீறி, சுத்தமான கண்ணாடிப் புட்டியில் போட்டு, சூடாக்கிய வெள்ளை வினிகரை மூழ்கும்வரை ஊற்றுங்கள். ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வைத்து ஒரு வாரம் கழித்து எடுக்கலாம்.

கார்ன்பிரெட்டுக்குக் கடைக் கலவை வாங்கும் சைவக்காரர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சிலவற்றில் பன்றிக் கொழுப்பு இருப்பதுண்டு.

7. வெளியே சாப்பிடும்போது

‘மீட் அண்ட் த்ரீ’ என்று இங்கே ஒரு வகை உணவகம் உண்டு. ஒரு இறைச்சியும் மூன்று பதார்த்தமும் கொடுப்பார்கள். இறைச்சி வேண்டாம் என்றால் நாலு காய் வைத்து ‘வெஜிடபிள் பிளேட்’ கிடைக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தத் தட்டில் உள்ள காலர்ட் பெரும்பாலும் பன்றியோடு வெந்ததுதான். பீன்ஸும் காராமணியும்கூட அப்படியே இருக்கும். “இதில் இறைச்சி இருக்கிறதா?” என்று கேட்டால், துண்டு கண்ணில் படவில்லை என்பதால் “இல்லை” என்று நல்லெண்ணத்தோடு சொல்லிவிடுவார்கள். பன்றி, வான்கோழி, கோழிச்சாறு மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். டின்னில் விற்கும் கீரையிலும் ‘சீசன்டு’, ‘சதர்ன் ஸ்டைல்’ என்று போட்டிருந்தால் உட்பொருள் பட்டியலைப் பாருங்கள்.

நீங்கள் அலுவலக விருந்துக்கு எடுத்துப்போனாலும் என்ன இறைச்சி என்று சீட்டு எழுதிப் பாத்திரத்தின் முன்னால் வையுங்கள்.

8. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால்

இருதய வால்வு மாற்றியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிடுபவர்கள் இருக்கும் வீட்டில் இதைக் கவனியுங்கள். காலர்டில் வைட்டமின் கே மிக அதிகம், அது அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு ஒரே வாரத்தில் தினமும் சாப்பிட்டால் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு, மாறிவிடும். அறவே கூடாது என்பதல்ல, சாப்பிடும் அளவு வாரத்துக்கு வாரம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மருந்துச் சீட்டும் கடைசி ஐஎன்ஆர் அறிக்கையும் ஊரிலிருந்து கிளம்பும்போதே பையில் இருக்கட்டும். காப்பீடு எடுக்கும்போதும் அவை தேவைப்படலாம். ரத்த அழுத்தக்காரர்களுக்குப் புகை இறைச்சியின் உப்புதான் பிரச்சினை; சைவ முறையில் செய்து உப்பைக் குறைத்துக் கொடுங்கள்.

9. மிச்சத்தை எடுத்துவைப்பது

சமைத்து 2 மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டிக்குப் போக வேண்டும். பெரிய பானையோடு வைத்தால் நடுவில் சூடு தங்கிவிடும். அகலமான ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து வையுங்கள். 3 முதல் 4 நாள் வரை சாப்பிடலாம். உறைய வைப்பதானால் சாற்றோடு சேர்த்தே வையுங்கள், கீரை மட்டும் வைத்தால் நார் நாராகக் காய்ந்துபோகும்.

சீசனில் மலிவாகக் கிடைக்கும் பச்சைக் கீரையையும் உறைய வைக்கலாம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வீட்டில் உணவைப் பதப்படுத்தி வைப்பதற்கான தேசிய மையம் சொல்லும் கணக்கு: காலர்டுக்குக் கொதிநீரில் 3 நிமிடம், மற்ற கீரைகளுக்கு 2 நிமிடம். எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் போட்டு, ஆறியவுடன் வடித்து, காற்றில்லாமல் பையில் அடைத்து, பை மேல் தேதி எழுதுங்கள். அடுத்த முறை பானையில் போடும்போது உருக்கத் தேவையில்லை, அப்படியே சாற்றில் இறக்கலாம். ஏற்கெனவே கொஞ்சம் வெந்திருப்பதால் பதத்தை அரை மணியிலேயே பார்க்க ஆரம்பித்துவிடுங்கள்.